மழை கேட்ட உப்பளக்காரம்மா

1974 ஜூன் 3 – பிறப்பு.
1989 – உப்பளத்தில் முதல் நாள் கூலி, ரூ. 9.
2011 – நாலு பாத்தி குத்தகை, ஆண்டுக்கு ரூ. 6,500.
2021 அக்டோபர் 12 – ஊராட்சித் தலைவர். 61 வாக்கு அதிகம்.

இந்தத் தேதிகளுக்கு உரியவர் விருத்தாம்பாள். மரக்காணத்துக்கு மேற்கே உள்ள அவருடைய ஊரில் இரண்டே தெரு. கீழத் தெருவுக்கு உப்பளம், மேலத் தெருவுக்கு நிலக்கடலை, ஊர்ப் பேச்சில் மல்லாட்டை. வைகாசியில் மழை இல்லையென்றால் பெண்கள் குடம் எடுத்து மாரியம்மனுக்கு நீர் ஊற்றுவார்கள். முதல் குடம் ஊர்த் தலைவர் வீட்டுக் குடம். 2021 வரை தலைவர்கள் எல்லோரும் மேலத் தெருக்காரர்கள் என்பதால் யாருக்கும் சங்கடம் வந்ததில்லை. குவித்து வைத்த உப்பை ஒரே மழை கரைத்துவிடும் என்று அறிந்த ஒருவர் தலைவரானது அப்போதுதான்.

2024 வைகாசியில் மேலத் தெரு பலராமன் வந்து நின்றார்.

"தலைவரம்மா, மல்லாட்டை வெதைக்கணும். வெள்ளிக்கிழம குடம் எடுக்கிறோம். வர்றீங்களா, இல்ல உப்புக்கு மட்டுந்தான் தலைவரா?"

"வர்றேண்ணே. ஆனா உப்ப மூட ஓலை வேணும். பனைமரமெல்லாம் உங்க வரப்புலதான இருக்குது."

"நல்லா இருக்குதே. மழையையும் நாங்களே கேட்டு, அது நனைக்காம உப்பையும் நாங்களே மூடணுமா?"

"ஒரே ஊருதானண்ணே."

பலராமன் தலையைச் சொறிந்துகொண்டே போனார். மறுநாள் ஓலை வெட்ட ஆள் இறங்கியது.

கீழத் தெருவோ கொதித்தது. தேர்தலில் விருத்தாம்பாளுக்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்ட பாஞ்சாலையே முதல் கையெழுத்துப் போட்டாள். 'எங்கள் பிழைப்பைக் கெடுக்க மழை கேட்கும் தலைவரை நீக்க வேண்டும்' என்று கலெக்டருக்கு மனு போனது. விருத்தாம்பாளுக்குப் பதவி போவதுகூடப் பெரிதில்லை. கீழத் தெருவுக்கு அவர் கொண்டுவந்த குடிநீர்க் குழாய் பாதியில் நின்றது. அவர் போனால் அதைக் கேட்க ஆளில்லை.

வெள்ளிக்கிழமை காலை எல்லா உப்பு அம்பாரத்திலும் ஓலை ஏறியிருந்தது. விருத்தாம்பாளின் உப்பு மட்டும் வெயிலில் பளபளத்தது. கோபத்தை மறந்து பாஞ்சாலை கேட்டாள்: "ஏன்டி, ஒனக்கு ஓலை வரலியா?"

"வந்துச்சுக்கா. குடம் எடுக்கிறவளே உப்ப மூடி வெச்சிட்டுப் போனா, மழைய நெசமாத்தான் கேக்குறான்னு ஆத்தா நம்புவாளா?"

"மூடி வெச்சாத்தான்டி மழை வரும்னு நீ நம்புறதா அர்த்தம்."

விருத்தாம்பாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

நாலாம் நாள் பிற்பகல் மழை கொட்டியது. மேலத் தெருவில் ஏர் பூட்டினார்கள். ஓலைக்கடியில் கீழத் தெரு உப்பு அப்படியே இருந்தது. ஆள் உயரம் இருந்த விருத்தாம்பாளின் அம்பாரம் மட்டும் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. நனைந்துகொண்டே வந்த பாஞ்சாலை, தன் குவியலிலிருந்து உருவிய ஓலைகளை அதன்மேல் போட்டாள்.

"ஆத்தா நம்பிட்டாடி. இப்பவாவது மூடலாமில்ல?"

அவர்கள் இருவரில் யார் சொன்னது சரி என்று ஊரில் இன்னும் முடிவாகவில்லை. ஆனால் கலெக்டர் ஆபீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டபோது, பாஞ்சாலை பஸ் ஏறிப் போய் மனு வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாள். ஆடியில் குழாயில் தண்ணீர் வந்தது.

மனு முடிக்கப்பட்டது என்ற கலெக்டர் ஆபீஸ் கடிதம் வந்து சேர்ந்தது, 2024 ஜூலை 19.