கைக்கு எட்டாத தெருக்கள்

எங்க அக்காவுக்கு மாநகராட்சியில வேலை. என்ன வேலைன்னு கேட்டா, "எந்தச் சுவத்துல என்ன படம் வரணும்னு முடிவு பண்றது"ன்னு சொல்லுவா. "இதுக்கெல்லாம் ஒரு ஆபீஸா?"ன்னு நான் கேக்காத நாள் இல்ல. சிரிச்சுட்டுப் போயிடுவா. பதினெட்டு வருஷமா அப்படித்தான் சிரிக்கறா. மனுஷிக்கு அந்த வேலை அவ்வளவு பிடிக்கும்.

ஒரு இடம் மனசுல பட்டுட்டா போதும், மடக்கு நாற்காலியைத் தூக்கிட்டுப் போய் காலையில, மத்தியானம், சாயங்காலம்னு மூணு வேளையும் அங்க உக்காருவா. யார் நிக்கறாங்க, யார் ஓடறாங்க, வெயில் எங்க விழுதுன்னு எழுதிக்குவா. ஒருதடவை ஒரு கடைக்காரர், ஏதோ சோதனைக்கு வந்தவங்கன்னு பயந்து ஷட்டரையே இறக்கிட்டாராம்.

இந்த வருஷம் அஞ்சே அஞ்சு இடத்துக்குத்தான் அனுமதி. ஜனங்களையே கேப்போம்னு, மார்க்கெட் பக்கத்து மண்டபத்துல போர்வை அகலத்துக்கு ஊர் மேப்பை மேசை மேல விரிச்சா. வர்றவங்க ஆளுக்கொரு பச்சை ஸ்டிக்கரைப் படம் வேணுங்கற தெருவுல ஒட்டணும். ஆள் பத்தலைன்னு என்னையும் இழுத்துட்டுப் போனா. "கூட்டம் இடிக்குது, மேசையைச் சுவரோட தள்ளுக்கா"ன்னு சொல்லித் தள்ளினது நான்தான். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

எண்ணிப் பார்த்தா, ஒட்டினது அத்தனையும் மார்க்கெட் பக்கம். சரிவுக்கு மேல இருக்கற மேட்டுத் தெருக்கள்ல ஒண்ணுகூட இல்ல. "அவங்களுக்கு ஆசை இல்ல போல"ன்னு அக்கா பட்டியல் எழுதிட்டா. திங்கக்கிழமை கமிட்டி கையெழுத்துப் போட்டா, அப்புறம் மூணு வருஷத்துக்கு மாத்த முடியாது.

வெள்ளிக்கிழமை, மேட்டுத் தெருவுல இஸ்திரி போடற அம்மா ஆபீஸுக்கே வந்துட்டாங்க.

"ஏம்மா, எங்க பக்கம் ஒரு படம்கூடக் கிடையாதாமே?"

"உங்க ஆளுங்க யாருமே அங்க ஒட்டலையேம்மா."

"கை எட்டினாத்தானே ஒட்டறதுக்கு! எங்க தெரு சுவத்தோரமால்ல கிடந்துச்சு? சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்னு மார்க்கெட்லயே ஒட்டிட்டு வந்துட்டோம்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நேரா பெரிய அதிகாரிகிட்டப் போனா. அவரு, "விட்டுத் தொலைங்களேன். நீங்களே தப்புன்னு எழுதிக் குடுத்தா உங்க பேர்தான் கெடும்"னாரு. இவ எழுதியே குடுத்துட்டா. மேசையைத் தள்ளினது யாருன்னு கேட்டதுக்கு, "நான்தான் சார்"னு சொல்லியிருக்கா. அதை ஆபீஸ் டிரைவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல.

ஞாயித்துக்கிழமை காலையில மேப்பைச் சுருட்டித் தோள்ல போட்டுட்டு ரெண்டு பேரும் மேட்டுத் தெருவுக்குப் படி ஏறினோம். நூத்தி நாப்பது படி! எனக்கு நாக்குத் தள்ளிடுச்சு. பாதி வழியில இருக்கற அகலமான மேடையில மேப்பைத் தரையில விரிச்சோம். இந்தத் தடவை நாலு பக்கமும் ஜனங்க. "போன தடவை நடந்தது எங்க தப்பு. உங்க தப்பு இல்ல"ன்னு அக்கா எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னா. அப்புறம் பாருங்க, ஸ்டிக்கர் பத்தாம நான் காகிதத்தை வெட்டி வெட்டிப் பசை தடவிக் குடுத்தேன். முக்கால்வாசிப் பேர் மேப்புல ஒட்டினது நாங்க உக்காந்திருந்த அந்தப் படிக்கட்டுல. தினமும் மூச்சு வாங்க ஏறுறவங்களாச்சே!

திங்கக்கிழமை கமிட்டி புதுப் பட்டியல்ல கையெழுத்துப் போட்டுச்சு. மார்க்கெட்காரங்க ரெண்டு இடம் போச்சேன்னு குதிச்சாங்க, அக்கா வாங்கிக் கட்டிக்கிட்டா. படிக்கட்டுக்குத்தான் முதல் இடம். சாயங்காலமே சேதி சொல்ல மறுபடி ஏறினோம்.

இஸ்திரி அம்மா பெட்டியை நிமித்தி வச்சுட்டு வெளிய வந்தாங்க. "படம் வர்றது சந்தோஷந்தாம்மா. ஆனா தப்பு எங்களோடதுன்னு சொல்லிக்கிட்டு ஒரு ஆபீசர் இந்தப் படி ஏறி வந்தது இதான் முதல் தடவை. அதையே வரைஞ்சுடச் சொல்லுங்க"ன்னாங்க.

அக்கா அழுதுட்டா. நானுந்தான்.