திருத்தி அனுப்பிய கடிதம்

வெளியே நின்றால் செருப்பின் அடி உருகுகிறது. உள்ளே வந்தால் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்கிறேன். தோஹாவுக்கு வந்த முதல் மாதத்தில் இதை ஊருக்கு எழுதியபோது யாரும் நம்பவில்லை. பாலைவனத்தில் குளிருக்கு உடுப்பாம், மூளை குழம்பிவிட்டது போல என்று பேசிக்கொண்டார்களாம். அதைவிட அவர்களால் நம்ப முடியாமல் போனது என் வேலை. முதல் லீவில் கல்முனைக்குப் போனபோது சந்தையடியில் ஒருவர் பிடித்துக்கொண்டார். "கம்பனியில என்ன வேல தம்பி?" "வசனம் திருத்திற வேல." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அட அல்லாவே, அதுக்கும் சம்பளம் குடுக்கிறானுகளா?"

குடுக்கிறார்கள்தான். எங்கள் கம்பனி பாலமும் தண்ணீர்த் தாங்கியும் கட்டுகிறது. ஏழெட்டு நாட்டு இஞ்சினியர்மார் ஆளுக்கொரு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதித் தள்ளுவார்கள். காற்புள்ளியும் இராது, முற்றுப்புள்ளியும் இராது. யார் செய்தது, எதைச் செய்தது என்று தலையும் வாலும் தெரியாது. நான் அதையெல்லாம் உடைத்து, அடைமொழிகளை உரிய இடத்தில் வைத்து, வெள்ளைக்கார மேலாளர் ஒரு தரம் வாசித்தவுடன் விளங்கும்படி ஆக்கிக் கொடுக்க வேண்டும். இறக்காமத்தில் மூன்று வருடம் ஆங்கில வாத்தியாராக இருந்தவனுக்கு இது கை வந்த வேலை. மேலாளர் முதல் நாளே ஒரு பெட்டி சிவப்புப் பேனை தந்து ஒரு விதியும் சொன்னார். "ஒரு வசனம் இடையில் வந்து இடறினால் அதை எடுத்துப் பார். பந்தி அதைத் தேடவில்லையென்றால் எறிந்துவிடு." அந்த விதியை நான் கலிமா போல மனனம் செய்துகொண்டேன். என்ன மடையன் நான்!

ஒருமுறை ஓர் அறிக்கை வந்தது. ஏணியையும் தொழிலாளியையும் ஒரே வசனத்துக்குள் போட்டுக் குழப்பி, விழுந்தது எது என்று தெரியாதபடி எழுதியிருந்தார்கள். எழுதிய பிலிப்பைன்ஸ்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "விழுந்தது ஏணியா, ஆளா?" நான் அனுதாபத்தோடு கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் மனிதர். கண் கலங்கி, "இரண்டும்தான் சேர், ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்" என்றார். நன்றி சொல்லிவிட்டு அந்த ஒரு வசனத்தை இரண்டாக்கி மேலே அனுப்பினேன். விழுந்தவனுடைய பெயரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அப்போது நான் எப்படிப்பட்ட ஆளாக ஆகியிருந்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் மனைவி ஹாஜறா எட்டாம் வகுப்புவரை படித்தவள். பெரியபிள்ளையானதும் படிப்பை நிறுத்திவிட்டார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு அவளுக்குச் சீதனமாகக் கிடைத்தது, நான்தான் உடுப்புப் பெட்டியோடு அங்கே குடிபோனவன். கல்முனைக்குடியில், கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் அந்த வீடு. அதில் அவளோடு அவளுடைய உம்மா, வாப்பா, தங்கை, எங்கள் மகள் பஸீலா. நான் வெளிக்கிட்ட அன்று ஹாஜறா அழவில்லை. "கடுதாசி மட்டும் போட்டுக்கிட்டே இருங்க. நானும் போடுவன்" என்றாள். சொன்னபடியே போட்டாள். இரண்டு கிழமைக்கு ஒரு நீலக் கடிதம். சலாமில் தொடங்கினால் வஸ்ஸலாம்வரை ஒரே வசனம். மூச்சு விடாமல் கதைப்பவள், எழுத்தும் அப்படியே. அவற்றில் ஒன்றை எனக்குப் பாராமல் சொல்ல வரும்:

"மறுகா செல்றதெண்டா மச்சான் மாரி மழ விட்டபாடில்ல பின்வளவுக்குள்ள தண்ணி நிண்டு கோழிக்கூட்டக் குசினிக்குள்ள வெச்சிருக்கம் மகள் பள்ளிக்கூடத்துல பரிசு எடுத்தது வாப்பாக்கு எழுதுங்க எழுதுங்க எண்டு காலச் சுத்துறாள் குளிக்கக்குள்ள கைக்குழியில கொட்டப்பாக்கு மாதிரி ஒண்டு தட்டுப்படுது நோவில்ல ஒங்கட நீலச் சேட்டப் பூச்சி அரிச்சிட்டு நான் தச்சி வெச்சிருக்கன் வந்தா உடுக்கலாம் தங்கச்சிக்கு மாப்புள்ள சரி வந்திருக்கு அக்கரைப்பத்து ஆக்கள் நல்ல மனிசர்…"

அது வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காலையில் மேலாளர் எல்லார் முன்னாலும் என் வேலையைப் புகழ்ந்திருந்தார். தலை கொஞ்சம் கனத்துப் போயிருந்தது. பகல் சாப்பாட்டு நேரத்தில் கடிதத்தை மேசையில் விரித்தேன். கையில் சிவப்புப் பேனை இருந்தது. முதலில் பகிடிக்குத்தான் தொடங்கினேன். ஒரு காற்புள்ளி, ஒரு முற்றுப்புள்ளி. பிறகு கை நிற்கவில்லை. பந்தி பிரித்தேன். மழையையும் கோழிக்கூட்டையும் ஒன்றாக்கினேன். மகளின் பரிசுக்கு இலக்கம் போட்டு அதை மேலே கொண்டுவந்தேன். கைக்குழியில், அதாவது அக்குளில், கொட்டைப்பாக்கு என்ற வசனத்துக்கு வந்ததும் அதன் கீழே கோடிழுத்து, பக்கத்தில் எழுதினேன்: "இது இடையில் வந்து இடறுகிறது. தேவையென்றால் தனியாக எழுதவும்." சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வசனத்தை நான் வாசித்தேன். ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். அவள் என்ன சொல்கிறாள் என்று மட்டும் பார்க்கவில்லை. கடைசியில், "நல்ல முயற்சி. இனி இப்படி எழுதிப் பழகு" என்று ஒரு வரியும் போட்டேன். அவள் சிரிப்பாள், படிக்க ஆசைப்பட்டவள்தானே, சந்தோஷப்படுவாள் என்றுகூட நினைத்தேன்.

அந்தக் கிழமை மீராசா காக்கா லீவில் ஊருக்குப் போனார். எங்கள் தெருக்காரர், இங்கே மேசன் வேலை. அவரிடம் சவர்க்காரமும் பால்மா டின்னும் ஒரு சாரியும் கொடுத்தேன். சாரிக்குள் அந்தக் கடிதத்தையும் வைத்தேன்.

இந்த இடத்தில் நான் செய்த பிழையை வெளியூர் வாசகர்களுக்கு விளக்கியாக வேண்டும், ஊர்க்காரருக்குத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் கையில் கடிதம் வந்தால் அது ஓர் ஆளுக்கு வந்த கடிதம் அல்ல, வீட்டுக்கு வந்த கடிதம். கொண்டு வந்தவரை இருத்தித் தேத்தண்ணி கொடுப்பார்கள். பாய் விரிப்பார்கள். அடுத்த வளவு ஆட்களும் வேலியைத் தாண்டி வந்துவிடுவார்கள். பெட்டியை மாமிதான், அதாவது மனைவியின் உம்மாதான், திறப்பா. கடிதத்தை எடுத்து, நன்றாக வாசிக்கக்கூடிய ஓர் ஆளிடம் கொடுத்து, உரக்க வாசிக்கச் சொல்லுவா. ஆகவே ஊருக்கு எழுதும்போது நாங்கள் சபைக்கு எழுதுவது போலத்தான் எழுதுவோம். மனைவிக்கு என்று அதில் ஒன்றும் இராது, "மற்றவை நேரில்" என்ற இரண்டு சொற்களைத் தவிர. ஆனால் ஊரிலிருந்து இங்கே வரும் கடிதம் வேறு. அது தபாலில் வந்து எங்கள் கையில் மட்டும் பிரியும். எங்கள் பெண்கள் மனம் திறந்து எழுதக்கூடிய இடம் அது ஒன்றுதான். அவள் எனக்கென்று எழுதியதை நான் சபைக்குத் திருப்பி அனுப்பியிருந்தேன். இதை அறியாத ஆளா நான்? அந்தப் பாயில் இருந்து எத்தனை பேருடைய கடிதங்களை நானே உரக்க வாசித்திருக்கிறேன்!

இரண்டு மாதம் கழித்து மீராசா காக்கா திரும்பி வந்தார். கொண்டுவந்த தொதல் இனிப்பை என் கையில் வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஒங்கட கடுதாசி நல்ல கூத்துத் தம்பி! தங்கச்சிக்குப் பேசின மாப்புள்ளட்ட வாசிக்கக் குடுத்தாங்க. அவரு எடுத்துப் பாத்திட்டு, இது மச்சான்ட கடுதாசி இல்ல, ஹாஜறா ராத்தாட கடுதாசி, மச்சான் திருத்தி அனுப்பியிருக்காரு எண்டாரு. புள்ளி கோடு ஒண்டும் விடாம வாசிச்சாரு பாருங்க, வயிறு நொந்து போச்சு."

நானும் சிரித்தேன். "ஹாஜறா என்ன சொன்னாள்?"

"அவ தேத்தண்ணி ஊத்தக் குசினிக்குள்ள போனவ. மறுகா வெளிய வரல்ல."

அதற்குப் பிறகு வந்த கடிதங்களைப் பார்த்து நான் பூரித்துப் போனேன். எல்லாம் அளவான வசனங்கள். "நாங்கள் சுகம். மழை நின்றுவிட்டது. மகள் படிக்கிறாள். தங்கச்சியின் கலியாணம் நன்றாக நடந்தது." ஒரு காற்புள்ளி பிசகவில்லை. இரண்டு பக்கம் எழுதியவள் எட்டு வரியில் முடித்தாள். "இப்போது மிக நன்றாக எழுதுகிறாய்" என்று பாராட்டி எழுதினேன். ஒன்றரை வருடம் அப்படியே போனது. வயலில் வேளாண்மை வெட்டு வந்தால் வெட்டைப் பற்றி ஒரு வசனம், நோன்பு வந்தால் நோன்பைப் பற்றி ஒரு வசனம். எழுத்து மட்டும் கடைசியில் கொஞ்சம் சரிந்திருந்தது. பேனை சரியில்லையாக்கும் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை மேலாளர் தன் கையாலேயே தந்தியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஹாஜறா மவுத்து, அடக்கம் முடிந்தது. இவ்வளவுதான் அதில் இருந்தது. என் தொழிற்புத்தி அந்த நேரத்திலும் விடவில்லை, திருத்த ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டது. அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

கடவுச்சீட்டைக் கம்பனியிடமிருந்து வாங்கி நான் ஊருக்குப் போய்ச் சேர ஆறு நாள் ஆனது. அவள் வீட்டில் அவள் இல்லாமல் நான் எங்கே இருப்பது என்று தெரியாமல் விறாந்தையில் நின்றேன். மாமி வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனா. அழுகை ஓய்ந்த பிறகு மெல்லச் சொன்னா. கட்டி வளர்ந்து புண்ணாகிய பிறகுதான் வீட்டில் கண்டுபிடித்திருக்கிறார்கள். கல்முனையில் பார்த்தவர்கள் கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னார்களாம். அந்த மாதம் சண்டையால் பாதையெல்லாம் பிரச்சினை, பஸ் ஓடவில்லை. ஓடத் தொடங்கிக் கொண்டுபோனபோது, இனிப் பார்த்துப் பயனில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

"எனக்கு ஏன் மாமி ஒருத்தரும் எழுதல்ல?"

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தா. "எழுதட்டா மருமகனுக்கு எண்டு எத்தின தரம் கேட்டன். 'வாணாம் உம்மா. நான் அப்பயே எழுதிட்டன். அவரு வாசிச்சிட்டாரு' எண்டு செல்லிட்டாள்."

அந்த மாப்பிள்ளைப் பொடியன், ஆண்களும் பெண்களும் இருந்த சபையில், கைக்குழியும் கொட்டைப்பாக்கும் என்று உரக்க வாசித்ததை அப்போதுதான் என் காது கேட்டது. அதை வாசித்து, பக்கத்தில் நான் எழுதியிருந்ததையும் வாசித்திருப்பான். இடையில் வந்து இடறுகிறதாம். அதன் பிறகு அவள் யாரிடம் போய் அதைச் சொல்வாள்?

முப்பது நாள் லீவு. நாற்பதாம் நாள் கத்தம் ஓதும்வரை நிற்க அது போதவில்லை. புறப்படுவதற்கு முதல்நாள் மகள் பஸீலா, அவளுக்கு அப்போது பதினொரு வயது, அலுமாரியிலிருந்து ஒரு கொப்பியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். "உம்மா எழுதிப் பழகினது வாப்பா. எனக்கும் இதுலதான் கடுதாசி எழுதக் காட்டித் தந்தவங்க." திறந்தேன். முதல் பக்கத்தில் நான் திருத்திய அந்தக் கடிதம் நாலாக மடிந்து கிடந்தது. அடுத்த பக்கத்தில் அதே கடிதத்தை என் திருத்தங்களோடு அழகாகப் பிரதி பண்ணியிருந்தாள். அடுத்ததிலும் அதே கடிதம். ஐந்து தரம் எழுதியிருந்தாள். மழை இருந்தது. கோழிக்கூடு இருந்தது. மகளின் பரிசும் நீலச் சேட்டும் இருந்தன. கொட்டைப்பாக்கு ஒன்றிலும் இல்லை. அதை எடுத்துவிட்டிருந்தாள். பந்தி அதைத் தேடவில்லை, வாசித்துப் பார்த்தால் இடறாமல் போகிறது. கொப்பியை மகளிடமே கொடுத்துவிட்டு, கடிதத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். அவள் தைத்து வைத்திருந்த நீலச் சேட்டையும் எடுத்துக்கொண்டேன்.

தோஹா விமான நிலையத்தில் பெட்டியைக் கிளறிய சுங்க அதிகாரி இளவயதுக்காரர். சேட்டுக்குள்ளிருந்து கடிதம் விழுந்தது. விரித்துப் பார்த்தார். தெரியாத எழுத்து, நிறையச் சிவப்பு மை. "எய்ஷ் ஹாதா?" இது என்ன என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் அவரே முகம் மலர்ந்து, "உஸ்தாத்? இம்திஹான்?" என்றார். என்னை வாத்தியார் என்றும், இதைப் பரீட்சைத் தாள் என்றும் நினைத்துவிட்டார். தலையாட்டினேன். யார் சித்தியடைந்தது, யார் தோற்றது என்று சைகையோடு கேட்டார். எனக்குத் தெரிந்த அரபியில் நான்தான் தோல்வி என்றேன். என் அரபி சரியில்லை என்று எடுத்துக்கொண்டு அவர் சிரித்தார். உஸ்தாத் எப்படித் தோற்பார் என்று சொல்லி, கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துச் சேட்டுக்குள் வைத்து, போகச் சொல்லிக் கை காட்டினார். பெட்டியை மூட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இப்போதும் அதே மேசை, அதே ஸ்வெட்டர். அறிக்கைகள் வந்துகொண்டே இருக்கின்றன. போன கிழமை பஸீலாவின் கடிதம் வந்தது. "அன்புள்ள வாப்பாவுக்கு, நாங்கள் சுகம். நான் படிக்கிறேன். மழை பெய்கிறது. நீங்கள் சுகமா?" ஐந்து வரி, ஒவ்வொரு குறியும் அதனதன் இடத்தில். உம்மாவின் கொப்பியைப் பார்த்து எழுதியிருக்கிறாள். அந்த ஐந்து வரியையும் நான் பத்துத் தரம் வாசித்தேன். இடையில் என்ன இருந்தது, எதை எடுத்தாள், காய்ச்சலா, பசியா, யாரும் ஏசினார்களா? தாளை எடுத்து எழுதத் தொடங்கினேன். மகள், உம்மா முந்தி எழுதின மாதிரி எழுதுங்க, புள்ளியும் வேணாம் கோடும் வேணாம், வாயில வாறதெல்லாம் எழுதுங்க, எங்க நோகுது எண்டு எழுதுங்க, வாப்பா ஒண்டும் திருத்த மாட்டன், உம்மாக்கு நான் செஞ்சது…

அந்த இடத்தில் பேனை நின்றது. நாளைக்கு மீராசா காக்கா இதைக் கொண்டு ஊருக்குப் போகிறார், தபாலில் போட்டாலும் அது மாமியின் கைக்குத்தான் போகும். மாமி பாய் விரிப்பா. அடுத்த வளவு ஆட்கள் வருவார்கள். மாப்பிள்ளை உரக்க வாசிப்பார், மகள் குசினிக் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

தாளைக் கிழித்துப் போட்டேன். இன்னொரு தாளில், "அன்புள்ள மகளுக்கு, நான் சுகம். இங்கே வெயில் கடுமை. நன்றாகப் படிக்கவும். மற்றவை நேரில்" என்று எழுதி ஒட்டினேன்.