விதைக்கு முன்னே களைக்குத் தண்ணீர்

எங்கள் மாமனார் மருமகள்களோடு நேருக்கு நேர் பேசமாட்டார். அந்தக் காலத்தில் குளத்தூர்ப் பக்கத்து வீடுகளில் அதுதான் மரியாதை. சொல்ல வேண்டியதையெல்லாம் காளையைப் பார்த்துச் சொல்வார். காளைக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குப் புரிந்துவிடும்.

கிணற்றடியை ஒட்டி ஒரு துண்டு நிலம் கிடந்தது. அங்கே கத்திரி போட்டு, அதைச் சாரணைக் களைக்குத் தாரைவார்த்தவள் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதை ஒட்டிய ஒரு வருஷம், பொன்னமராவதியிலிருந்து என் கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அந்த இடத்தைக் கேட்டாள்.

"இந்தத் தடவையும் களை மண்டுச்சுன்னா அங்க மாட்டுக்கொட்டகைதான்" என்று மாமனார் காளையிடம் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனிதர்.

அவள் நிலத்தைக் கொத்தி, கோரைக்கிழங்கை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்து, பாத்தி கட்டினாள். பிறகு ஒரு விதைகூடப் போடாமல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். அதுவும் கிணறு அடிமட்டத்துக்குப் போயிருந்த கோடையில்! பாத்தி பச்சைப்பசேல் என்று ஆனது. அத்தனையும் களை.

"களைக்குத் தண்ணி எறைக்கிற வீட்டை இப்பத்தான்டா பாக்குறேன்" என்றார் மாமனார், காளையிடம்.

"ஏன்டி, ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சா?" என்று அவளைக் கேட்டேன்.

"மண்ணுக்குள்ள கெடக்குறத மொதல்ல வெளிய வரவைக்கணும்க்கா. செடி வச்ச பெறகு வந்தா யாரு மல்லுக்கட்டுறது?" என்று சிரித்தாள்.

நல்ல வெயிலில் களைக்கொத்தால் மேலாகச் சுரண்டினாள். ஆழமாகக் கொத்தினால் அடியில் உறங்கும் விதையெல்லாம் மேலே வந்துவிடுமாம். வெட்டுப்பட்ட களை அங்கேயே காய்ந்தது. மறுபடியும் தண்ணீர், மறுபடியும் முளைப்பு, மறுபடியும் சுரண்டல். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் கேலி பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அந்த நெஞ்சழுத்தம் எனக்குச் சத்தியமாக வராது. கடைசியில் முளைத்த களையை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்புறம்தான் கத்திரி நாற்றை ஊன்றி, இடைவெளியில் களை எழும்பாதபடி கடலைத் தோலைப் பரப்பினாள்.

அந்த வருஷம் கத்திரிக்காயைத் தின்று தின்று எங்களுக்கு அலுத்தே போய்விட்டது.

அடுத்த கோடையில் மாமனார் மிளகாய்க்கென்று புதிதாகப் பாத்தி கட்டினார். ஒரு காலையில் பார்த்தால், விதையில்லாத வெறும் மண்ணுக்கு அவரே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டேன். களை முளைத்ததும், நாங்கள் பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கு வந்து நின்றார். காளை பக்கத்தில்தான் கட்டிக் கிடந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"ஆத்தா," என்று அவள் முகத்தைப் பார்த்தே கேட்டார், "இப்பச் சுரண்டலாமா, இன்னுங் கொஞ்சம் பொறுக்கணுமா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் எழுந்து நின்று, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு எலை விட்டுருச்சுல்ல மாமா, இப்பவே சுரண்டிருங்க."

"சரித்தா" என்று சொல்லிவிட்டு, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போனார்.