கூழ் அடுப்புக்கு நான் கொண்டுவந்த கட்டை

கண்ணைக் கட்டிவிட்டாலும், பட்டையைத் தடவியே ரப்பர் கட்டை என்று சொல்லிவிடுவேன் எனப் பீற்றிக்கொள்கிறவன் நான். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்ற திமிர். இந்த ஆடியில் அது என் அக்காவின் தலையில் விடிந்தது.

ஈப்போவில் தனியாக இருக்கிறாள் அக்கா. வருஷா வருஷம் வீட்டு வாசலில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சுவாள். கேஸ் அடுப்பு ஆகாது, விறகுதான் வேண்டும். பீடோர் பக்கம் நாங்கள் பிறந்த தோட்டம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு. அங்கே ஆற்றோரம் வெட்டிப் போட்டிருந்த கட்டைகளைப் பழைய ரப்பர் என்றே எண்ணிக் கேட்டு வாங்கி, ஃபேக்டரியில் போடும் கையுறையோடு வேனில் ஏற்றினேன். ரப்பர் கட்டை வைக்கோல் நிறம். ரேகை நேராக ஓடும். பட்டையில் பால் வெட்டிய தழும்பு சாய்வாகத் தெரியும். இதில் தழும்பே இல்லை. உள்ளே ரத்தச் சிவப்பு, பட்டையெங்கும் தார் வடிந்ததுபோல் கறுப்புக் கறை.

ஈப்போவில் இறக்கும்போது அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் புரட்டிப் பார்த்தார். "இது ரப்பர் மாதிரி இல்லையே அண்ணே?"

"இது மேல் கிளைலா. அங்க யாரு பால் வெட்டுவா? கறுப்பு வெறும் பூசணம்" என்றேன். பெரிய இவன் நான்!

அக்காதான் அடுப்பருகே உட்கார்ந்து ஊதினாள். மறுநாள் முகமும் கையும் கொப்புளமாகக் கிளம்பி, கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. "ஆத்தா வந்திருக்கா" என்று வேப்பிலையில் படுத்துவிட்டாள். அம்மை என்றால் அவளுக்கு டாக்டரும் கிடையாது, மருந்தும் கிடையாது.

பக்கத்து வீட்டுக்காரர் கேட்டது நினைவுக்கு வந்தது. மிச்சக் கட்டையைப் படமெடுத்து, மரம் அறுக்கும் மில்லில் வேலை செய்யும் மச்சானுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"ஐயோ, ரெங்காஸ்ங்கிற விஷ மரம்லா அது! பால் பட்டாலே கொப்புளம். புகையும் விடாது. தொடாத!"

அப்போதும் அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. பாவி, வேப்பிலையை நானே பறித்துக் கொடுத்தேன். அடுத்த நாள் காலையில் அவள் கண்ணோரம் சீழ் கட்டியிருந்தது. பார்வை போய்விடுமோ என்று பதறிப்போனேன்.

"அக்கா, இது அம்மை இல்லக்கா. நான் கொண்டாந்த கட்டை. எந்திரி, கிளினிக் போலாம்."

திட்டுவாள் என்று நினைத்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். ஊசி போட்டார்கள், கண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு.

திரும்பும் வழியில் வேனில்தான் சொன்னாள்.

"பிள்ளைங்க கோலாலம்பூர் போனப்பறம் வீட்டுக்கு யாருடா வாரா? ஆத்தாவாச்சும் வந்திருக்கான்னு நெனச்சேன்."

ஒரு மணி நேர தூரத்தில் கமுந்திங்கில் இருந்துகொண்டு, வருஷத்தில் கூழுக்கு மட்டும் வருகிற நான், ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.