ஜெயந்தி செத்த பிறகு கொடுத்த மேனேஜர் பதவி

ஜெயந்தி போய்விட்டாள்...

நேற்று மாலை, அந்தமானில் ரங்கத் என்ற ஊரில், அவள் அம்மா வீட்டில். நானும் அவளும் சேர்ந்து வேலை பார்த்த கன்சல்டிங் கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் வந்த பதிவைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

கறுப்பு வெள்ளையில் அவள் போட்டோ. கீழே, "எங்கள் குடும்பத்தில் ஒருவர், எங்கள் மேனேஜர் ஜெயந்தி".

மேனேஜராம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவளை அவர்கள் கடைசி வரை மேனேஜர் ஆக்கவே இல்லை. போர்ட் பிளேர் ஆபீஸில் நாங்கள் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தோம். நான் பாதியில் வேறு வேலைக்குப் போய்விட்டேன். அவள் இருந்தாள்.

அவளுக்கு அந்த வேலை பிடிக்கும். முதலில் மேனேஜர், அப்புறம் பார்ட்னர் என்று யார் கேட்டாலும் சத்தமாகச் சொல்வாள்.

சென்னையில் டிரெய்னிங். "அந்தமானா? அங்கெல்லாம் இன்டர்நெட் இருக்கா?" என்று ஒரு பெரிய அதிகாரி கேட்டார். ஹால் முழுக்கச் சிரிப்பு.

"இருக்கு சார். மெயின்லேண்ட்ல இருந்து டூரிஸ்ட் வந்து ரீல் போடும்போதுதான் ஸ்லோ ஆகுது" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. நான் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன்...

பிறகு வண்டூர் படகுத்துறை. டூரிஸ்ட் போட்களை ஒழுங்குபடுத்த ஒரு ரிப்போர்ட். சென்னையிலிருந்து வந்த எங்கள் பாஸ் போட் ஓனர்களுக்கு இங்கிலீஷில் ஸ்லைடு காட்டினார். பாதியிலேயே எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

ஜெயந்தி புரொஜெக்டரை அணைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் சேரை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பைட்டோ பையா, சாய் பீகே ஜாவோ." உட்காருங்கண்ணா, டீ குடிச்சிட்டுப் போங்க என்று இந்தியில்.

சாயங்காலம் வரை சண்டை. அவர்கள் கத்தினார்கள், இவளும் கத்தினாள். கடைசியில் புது விதிகளுக்கு ஒத்துக்கொண்டார்கள்.

அந்த ரிப்போர்ட்டை அரசாங்க அதிகாரிகள் முன்னால் வைத்த அன்று பேசியது பாஸ். இவளிடம், "ஜெயந்தி, நீ லோக்கல்தானே... லஞ்ச் ஏற்பாட்டைக் கொஞ்சம் பார்த்துக்கோ."

பார்த்துக்கொண்டாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, என்னை எப்போதும் அழைக்கும் அந்த இந்தி 'யார்' போட்டுச் சொன்னாள், "முள்ளு மீனாப் பார்த்து வைக்கச் சொல்லிட்டேன் யார். தொண்டைல குத்தட்டும்."

அந்த வருஷமும் பிரமோஷன் இல்லை. "எக்ஸிக்யூட்டிவ் பிரசன்ஸ்", அதாவது அதிகாரித் தோரணை, பத்தாதாம்.

"நான் பேசுறதா, நடக்குறதா? எது சரியில்லைன்னு சொல்லு யார், மாத்திக்கிறேன்" என்று கேட்டாள். அன்றைக்கு விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் மார்பில் கட்டி. உடனே சென்னைக்குப் போகச் சொல்லிவிட்டார் டாக்டர்.

"எவ்வளவு நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்" என்று பாஸ் மெயில் அனுப்பினார், ஆபீஸ் முழுக்கக் காப்பி போட்டு. கொஞ்ச நேரத்தில் போன். நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் கேட்டேன்.

"இந்த வாட்டி பிரமோஷனுக்கு உன் பேரைச் சொல்லியிருக்கேன் ஜெயந்தி. இப்போ கேம்பல் பே வேலையைப் பாதியில விட்டுட்டுப் போனா, நான் மேல என்ன சொல்றது?"

"முதல்ல டிக்கெட் போடுடி" என்று கத்தினேன்.

"இது ஒண்ணுதான்டி. முடிச்சிட்டு ஓடிடுறேன்."

வலியோடு கப்பல் ஏறி, நிக்கோபாரின் தெற்குக் கோடியில் இருக்கும் கேம்பல் பே போனாள். முடித்தாள். சென்னை போய்ச் சேர்ந்தபோது, ஏன் இவ்வளவு லேட் என்றுதான் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டார்கள்.

பிரமோஷன் வந்தவர்கள் பெயர் வெளியானபோது அவள் கீமோவில் இருந்தாள். அவள் பெயர் இல்லை. நீண்ட லீவில் இருப்பவர்களை இந்த முறை எடுத்துக்கொள்ளவில்லை என்று ஒரு வரி விளக்கம்.

வீடியோ காலில் எனக்குப் படித்துக் காட்டினாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்... வீடியோ மட்டும் கட் ஆகாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

இனி ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர்கள் அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

இன்று காலை முதல் பஸ் பிடித்து ரங்கத் போனேன். அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவள் அண்ணன் போன் அடித்தது. பாஸ். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஷீ வாஸ் ஃபேமிலி சார்... எங்களுக்கு ஈடு செய்ய முடியாத இழப்பு..." கொஞ்சம் இருமல். "அப்புறம்... ஆபீஸ் லேப்டாப் அங்கேதானே இருக்கும்? எப்போ ஆள் அனுப்பட்டும்?"

கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. அவள் அம்மாவுக்கும்.

அண்ணன் பஸ் டிரைவர். வீதியே அதிரப் பேசுகிறவர், மெதுவாகச் சொன்னார்.

"ஆள் எதுக்கு சார், நீங்களே வாங்க. ரங்கத்துக்கு தினமும் பஸ் இருக்கு. எங்கம்மா கையால வாங்கிட்டுப் போங்க."

அந்தப் பக்கம் லைன் கட்.

மதியம் அவளைக் கொண்டுபோனோம். நல்ல மழை. விறகு பிடிக்க நேரமானது.

கம்பெனி பதிவுக்குக் கீழே இதயம் போட்டுக்கொண்டிருக்கும் பழைய சகாக்களே... தயவுசெய்து இங்கே போடாதீர்கள்.

சலோ ஜெயந்தி... போயிட்டு வாடி.