தவிட்டுக் கோழியின் கலர் குஞ்சுகள்

அப்போது எங்கள் வீட்டில் சேவல் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நானும் என் மனைவியும் இதை உணர்ந்துகொள்ள இருபத்து நான்கு நாட்கள் பிடித்தன.

மேற்கு மாம்பலத்தில் மாமனார் விட்டுப்போன பழைய தனி வீடு எங்களுடையது. பின்னால் ஒரு கிணறு, துவைக்கிற கல், முருங்கை மரம், யாரும் குளிக்காத ஒரு குளியலறை. அந்தக் குளியலறையில்தான் நான்கு கோழிகள் குடியிருந்தன. உடன் வேலை செய்யும் யாரோ ஊரை விட்டுப் போகும்போது கொடுத்தார்கள் என்று மனைவி ஒருநாள் அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கியிருந்தாள். எனக்குச் செல்லப்பிராணி எல்லாம் ஒத்துவராது என்றேன். “இது செல்லப்பிராணி இல்ல, கோழி” என்றாள். பேச்சு அங்கேயே முடிந்தது.

நான்கில் தவிட்டு நிறக் கோழி சித்திரை வெயிலில் அடைக்கு உட்கார்ந்தது. எட்டு முட்டைகள். யாருடைய முட்டை என்றெல்லாம் அது பார்க்கவில்லை, இருந்ததை எல்லாம் வயிற்றுக்குக் கீழே தள்ளிக்கொண்டது. கையை நீட்டினால் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு, தொண்டையிலிருந்து ஒரு பழைய மோட்டார் சத்தத்தை எழுப்பி, கட்டைவிரலில் ஒரு போடு போடும். நான் மாதக் காலண்டரில் இருபத்தோராம் நாளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன். மனைவி பழைய சல்லடைத் துணி, சின்னத் தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் எடுத்து வைத்தாள். வட்டமிட்ட நாள் வந்தது, போனது. குஞ்சு வரவில்லை.

எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்காவுக்குக் கோழி விஷயம் தெரியும். சைதாப்பேட்டை ஆற்றோரம் வீடு இருந்தவரை இருபது கோழி வளர்த்தவர். அந்த வீடுகளை இடித்தபோது பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியைக் கொடுத்துவிட்டார்கள். கோழிக்கு லிஃப்ட் ஏறத் தெரியாது என்பதால் அதோடு விட்டுவிட்டார். தினமும் இரண்டு பஸ் மாறி வந்து எங்கள் சட்டைகளைத் தேய்ப்பார். இருபத்து நான்காம் நாள் காலை அவரிடம் துணி போடப் போனேன்.

“இன்னா சார், குஞ்சு பொரிச்சிச்சா?”

“இல்லக்கா. இருபத்து நாலு நாளாச்சு.”

“சேவ எத்தினி கீது?”

“சேவல் இல்லக்கா.”

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

“சேவ இல்லாம குஞ்சு எங்கேர்ந்து சார் வரும், ஆன்லைன்லயா? நீ டிகிரி படிச்சவன்தானே? நர்சம்மா கூடவா சொல்லல?”

நர்சம்மா என்றது என் மனைவியை. பதினெட்டு வருடமாக அடையாறில் ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டில் வேலை. அவள் கையில் பிறந்த பிள்ளைகள் இப்போது பைக் ஓட்டிக்கொண்டு நம்மை இடிக்க வருகிறார்கள். அன்று மாலை அவளிடம் கேட்டேன்.

“எனக்குத்தான் தெரியல. உனக்குமா தெரியல?”

“நீங்க பாத்துக்குவீங்கன்னு நெனச்சேன்.”

“நான் மூக்குக் கண்ணாடிக் கடையில வேல பாக்குறேன். நீ பிரசவ வார்டு.”

“எங்க வார்டுக்கு வர்றவங்க அந்த வேலைய முடிச்சிட்டுத்தான் வருவாங்க” என்றாள்.

முட்டைகளை அப்புறப்படுத்தும்போது ஒன்று என் கையிலேயே வெடித்தது. அந்த வாடையை எழுத்தில் கொண்டுவர நான் முயலப்போவதில்லை. இரண்டு நாள் கடையில் யாரும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. முட்டைகள் போன பிறகும் கோழி எழுந்திருக்கவில்லை. வைக்கோலை அடைகாத்தது. வைக்கோலை எடுத்தோம். வெறும் சிமெண்டுத் தரையை அடைகாத்தது. இரை சரியாக எடுக்காமல் உடம்பு வற்றி, தூக்கினால் ஒரு குளியல் துண்டு அளவுக்குத்தான் கனத்தது. சேவல் இல்லாததை மறந்தவர்கள் நாங்கள். தண்டனை கோழிக்கு. எனக்கு அது உண்மையாகவே உறுத்தியது.

மறுபடியும் அக்காவிடம் போனேன்.

“வுட்டா செத்துரும் சார். கட குஞ்சு வாங்கியாந்து, பொயுது சாஞ்சதும் அடில தள்ளி வுட்ரு. காலைல கண்ண தொறந்து பாத்து, தம் புள்ளன்னு நெனச்சிக்கும். நான் வாத்து குஞ்சே வுட்ருக்கேன், வளத்துச்சு.”

மறுநாள் மதியம் தி. நகரில் எங்கள் கடைக்கு எதிர் நடைபாதையில் ஒருவர் மூங்கில் கூடையில் கலர் குஞ்சு விற்றுக்கொண்டிருந்தார். இளஞ்சிவப்பு, பச்சை, ஊதா என்று ஹோலி முடிந்து வந்த மாதிரி இருந்தன. சாதாரண நிறத்தில் இல்லையா என்று கேட்டேன். “அத எவன் சார் வாங்குவான்?” என்றார். இரண்டு இளஞ்சிவப்பு, மூன்று பச்சை, ஒரு ஊதா என்று ஆறு வாங்கி, லென்ஸ் வந்த அட்டைப்பெட்டியில் போட்டு மேஜைக்கு அடியில் வைத்தேன்.

மாலை வரை கத்தின. ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. எழுத்துகளைக் காட்டி, “எது தெளிவா இருக்கு சார், இதுவா, அதுவா?” என்றேன்.

“கண்ணு கெடக்கட்டும் தம்பி. எனக்குக் காதுக்குள்ள ஏதோ கீச்சு கீச்சுன்னுது.”

“ஏசி சார்” என்றேன்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் மனைவி ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு குளியலறைக்குள் போனாள். நான் டார்ச் பிடித்தேன். ஒவ்வொரு குஞ்சாகக் கோழியின் அடியில் நழுவவிட்டாள். கோழி உறுமியது. அப்புறம் உறுமலின் சுருதி மாறியது. கொஞ்ச நேரத்தில், அதுவரை நாங்கள் கேட்டிராத ஒரு மெல்லிய கொக்கொக் சத்தம் வந்தது. மனைவி டார்ச்சை அணைக்கச் சொன்னாள்.

காலையில் தவிட்டு இறக்கைக்கு அடியிலிருந்து ஓர் இளஞ்சிவப்புத் தலை எட்டிப் பார்த்தது. கோழி அதை இடது கண்ணால் பார்த்தது. திரும்பி வலது கண்ணால் பார்த்தது. பிறகு எழுந்து, ஒரு மாதத்துக்கு அப்புறம் முதல்முறையாக, தவிட்டைக் கிளறி இரை காட்டியது. நிறத்தைப் பற்றி எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பக்கத்து உறவினர்களும் வந்து பார்த்துப் பாடம் கற்றிருக்கலாம். ஊதா மட்டும் மூன்றாம் நாள் செத்துப்போனது. முருங்கைக்கு அடியில் புதைத்தேன். மனைவி அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மற்ற ஐந்தும் வளர்ந்தன. சாயம் உதிர்ந்து வெள்ளை இறகு முளைத்தது. இரண்டு மாதத்தில் ஒருநாள் தாய்க் கோழிக்கு அலுத்துவிட்டது. கிட்டே வந்த பிள்ளையைக் கொத்தித் துரத்திவிட்டு முட்டையிடப் போய்விட்டது. இனி அவை மற்ற மூன்று கோழிகளோடு பழக வேண்டும். மூன்றுக்கும் தலைவி ஒரு கறுப்புக் கோழி. எங்கள் கடையின் மேலாளருக்கு இறகு முளைத்தால் அப்படித்தான் இருப்பார்.

பழைய கொசுவலை ஜன்னல் ஒன்றைக் குறுக்கே வைத்து, ஒரு வாரம் இரண்டு தரப்பும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டோம். பார்த்துக்கொண்டன. எட்டாம் நாள் ஜன்னலை எடுத்த அரை நிமிடத்தில் கறுப்பு ஒரு குஞ்சின் உச்சந்தலையைக் கவ்வி இழுத்தது. ரத்தம். சிவப்பைக் கண்டதும் மற்ற இரண்டும், பிறகு கூடப் பிறந்ததுகளும் அதே இடத்தில் கொத்த ஓடிவந்தன. மனைவி பாய்ந்து தூக்கி, காயத்தின் சிவப்புத் தெரியாதபடி ஊதா நிற மருந்தைப் பூசினாள். பாதி குஞ்சின் மேலும் பாதி என் மேலும். ஒரு வாரம் ஊதா விரல்களோடு ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டினேன்.

“சோத்து தட்டு ரெண்டா வை. ஒளியறதுக்கு நாலு பொட்டி போடு. கீரக்கட்ட உசரத்துல கட்டி தொங்கவுடு சார். வாய்க்கு வேல இருந்தா சண்ட வராது. எங்கூட்டுக்காரரையும் அப்டித்தான் வெச்சிகினு கீறேன்” என்றார் இஸ்திரி அக்கா.

கீரைக்கட்டைத் துணி காயப்போடும் கொடியில் கட்டினோம். கறுப்பு எம்பி எம்பிக் கொத்தியது. அந்த நேரத்தில் பின்பக்கமாகக் குஞ்சுகளை விட்டோம். முதல் நாள் கால் மணி நேரம், அடுத்த நாள் அரை மணி. பத்து நாளில் ஒரே கம்பில் தூங்கின, கறுப்பு ஒரு கோடியில், பொடியன்கள் மறு கோடியில். நாங்கள் ஏதோ சாதித்துவிட்டதாக எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

ஒரு காலை, துருப்பிடித்த கேட்டை யாரோ இழுக்கிற மாதிரி சத்தம் கேட்டு எழுந்தேன். கேட் மூடியிருந்தது. சத்தம் குளியலறையிலிருந்து வந்தது. அந்த வாரக் கடைசிக்குள் ஐந்தும் கேட் இழுத்தன. அக்காவை அழைத்துவந்து காட்டினேன்.

“கலர் குஞ்சுன்னா எல்லாம் சேவதான் சார். முட்டக்கோயி பண்ணைல பொட்டைய வெச்சிகினு ஆணத்தான் சாயம் போட்டு ரோட்ல தள்ளுவான்.”

“முன்னாடியே சொல்லக்கூடாதாக்கா?”

“நீ கேட்டியா? குஞ்சு வோணும்ன. கெடச்சிச்சு.”

ஐந்து சேவல்களும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. ஓய்ந்த நேரத்தில் கோழிகளைத் துரத்தின. கறுப்பு பகல் முழுவதும் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. பக்கத்து அடுக்குமாடியின் சங்கச் செயலாளர், விடியற்காலை நாலு மணிக்குத் தன் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று படம் எடுத்து எனக்கு அனுப்ப ஆரம்பித்தார்.

மனைவி இரண்டு நாள் யோசித்தாள். தலையில் வடு உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நான்கையும் அக்காவுக்குக் கொடுத்துவிட்டாள். அவருடைய மருமகன் ஆட்டோவில் வந்து ஏற்றிக்கொண்டு போனார். என்ன செய்வீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை தேய்த்த சட்டைகளின் மேல் ஒரு டிபன் டப்பா இருந்தது. திறந்ததும் மிளகு வாசம். மனைவி தள்ளி உட்கார்ந்தாள். நான் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டேன். கறி நார் நாராக, செருப்பு மாதிரி இருந்தது. குழம்பு அபாரம்.

“நாலுல எது அது?” என்றாள்.

“தெரியல. பச்சைக் கலர்ல ஒண்ணா இருக்கலாம்.”

அவள் டப்பாவைக் கிட்டே இழுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வந்து, “குழம்பு மட்டும் ஊத்துங்க” என்றாள். ஊற்றினேன். கூட ஒரு துண்டு விழுந்தது. அவள் அதை எடுத்துத் திருப்பிப் போடவில்லை.