ஜெனிஷா சொன்ன ‘ஆச்சு’

இரும்புக் கம்பி கண்ணாடிக் கதவில் இறங்கியபோது ஜெனிஷா டீ குடித்துக்கொண்டிருந்தாள். சில்லு ஒன்று அவள் புறங்கையைக் கிழித்துப் போனது.

மதுரை காளவாசலில் மாடியறை ஆபீஸ் அது. எந்தச் சரக்கு யாருக்கு என்று லோடு வண்டிக்காரர்களுக்குப் போனில் சொல்லும் ஆப் ஒன்றை நடத்துகிறார்கள். அதற்குப் புரோகிராம் எழுதுகிறவள் வில்லாபுரத்து தெரசா டீச்சரின் மகள் ஜெனிஷா. எந்த வேலையையும் சடுதியில் முடித்து ‘ஆச்சு’ என்று சொல்வதில் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பெருமை.

ஒரே லோடு இரண்டு பேருக்குப் போகிறது என்று புகார் வந்தது. நேற்று புரோகிராமைத் திருத்தி அனுப்பிவிட்டு, “ஆச்சுண்ணே, இனிமே வராது” என்று டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பேசிப் போட்டாள். இன்று காலை திருநகர் குடோனில் ஒரே லோடுக்கு இருவர் நின்றார்கள். அவர்களில் ராஜபாண்டி, ஜாக்கிக் கம்பியால் மற்றவன் முத்திருளனின் மண்டையைப் பிளந்தான். பதினோரு தையல்.

அதே கம்பியோடுதான் இப்போது வந்திருந்தான். சட்டையில் காய்ந்த ரத்தம்.

“நீ ஆச்சுன்னதாலதாம்மா, அவன் என் லோட திருடுறான்னு நெனச்சு அடிச்சேன். இப்ப மூணு மணி லோடு எனக்கும் அவன் தம்பி சின்னக்கருப்பனுக்கும் சேந்து வந்துருக்கு. அவன் அருவாளோட குடோன்ல நிக்கிறான்.”

“நீங்க போகாம இருங்கண்ணே.”

“போகாட்டி பயந்துட்டாம்பாய்ங்க. போன்ல ஒரு பேருதான் நிக்கணும். மாத்து!”

மணி இரண்டு நாற்பது.

திருத்தம் அவள் கணினியில் அப்படியே இருந்தது. பிறகு ஏன் வேலை செய்யவில்லை? புரோகிராமின் பிரதிகளைக் ‘கிளை’களாகச் சேமித்து வைக்கும் கிட் (Git) என்ற மென்பொருளில், அவளுடைய கிளை ஒவ்வொன்றும் சர்வரிலுள்ள ஒரு கிளையைத் தன் ஜோடியாக வைத்திருக்கும்; அனுப்புவதெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். ஜோடிகளின் பட்டியலைத் திறந்தாள். வேலையை விட்டுப் போன டோனி சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்துத்தான் அங்கே எல்லோரும் கட்டளை அடிப்பார்கள். தாளில் இருந்தது அவன் காலத்துப் பழைய கிளையின் பெயர். நேற்றைய திருத்தம் யாருமே ஓட்டாத அந்தக் கிளைக்குப் போயிருந்தது. எங்கே போகிறது என்று திரை சொல்லியும் இருந்தது. அவள் படிக்கவில்லை.

ஜோடியை மாற்றினாள். ஆப் இப்போது ஓடுகிற கிளையில் மற்றவர்கள் செய்திருந்த மாற்றங்களை இழுத்துச் சேர்த்தாள். ஓரிடத்தில் அவள் எழுதியதும் அவர்கள் எழுதியதும் முட்டிக்கொண்டன. பிரித்துச் சரிசெய்தாள். கீபோர்டில் ரத்தம் பிசுபிசுத்தது.

“எம்புட்டு நேரம்!” கம்பி பக்கத்து நாற்காலியை உடைத்தது.

அனுப்பினாள். இந்த முறை கிளையின் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

இரண்டு ஐம்பத்தாறுக்கு ராஜபாண்டியின் போன் ஒலித்தது. ஆப்பில் லோடை முதலில் ஏற்றுக்கொண்டவன் சின்னக்கருப்பன்; அது அவனுக்கே போனது. இவன் பெயர் நீங்கியிருந்தது. கம்பி மானிட்டரில் இறங்கியது. பிறகு மேஜையில். பிறகு சுவரில், டோனியின் தாளோடு காரை பெயர்ந்து விழும்வரை.

மூச்சு வாங்க நின்றான்.

“அப்ப காலைல முத்திருளன் திருடல?”

“இல்லண்ணே. தப்பு என்னுது.”

கம்பியைக் கீழே போட்டுவிட்டுப் போனை நீட்டினான்.

“குரூப்புல சொல்லு.”

ரத்தம் வடியும் கையால் வாங்கினாள். “ஜெனிஷா பேசுறேண்ணே. நேத்து ஆச்சுன்னேன்ல, அது ஆகல…”